எண்ணாமல் விட்ட கண்

செல்வநாயகியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தயாளினி மிஸ்ஸுக்கு என்ன பெரிய மனம்" என்று பிறகு யாரும் ஏமாற வேண்டாம். அவளைப் பற்றி நான் எழுதுவதற்கு ஒரே காரணம், வேறு யாராவது எழுதி அது நன்றாக அமைந்துவிட்டால் அதையும் என்னால் தாங்க முடியாது என்பதுதான்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் வாகீசன் சேரின் கந்தோரில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். சேர் எஞ்சினியர், நான் படவரைஞர். கனடாக்காரர் கட்டும் மாடிவீடுகள், கலியாண மண்டபங்கள், கடைத்தொகுதிகள் எல்லாவற்றுக்கும் பிளான் கீறுவது நான்தான். எங்கள் ஊரில் படத்தை வரைவதில்லை, கீறுவோம். இப்போது எல்லாம் கொம்பியூட்டரில் ஆகிவிட்டது. ஆனாலும் கையால் கீறுவதில் எனக்கு நிகர் இந்தப் பட்டணத்தில் ஆளில்லை என்று ஒரு நினைப்பு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த நினைப்புக்கு ஆதாரம் ஒரு பாலம். தென்மராட்சிப் பக்கமிருந்து பட்டணத்துக்குள் நுழையும் இடத்தில், கடல்நீரேரிக்கு மேலே கிடக்கும் பழைய கற்பாலம். பதினொருகண் பாலம் என்றால் எல்லாருக்கும் தெரியும். பஸ் கொண்டக்டரும் "பதினொருகண் இறங்கிறாக்கள்!" என்றுதான் கத்துவான். கண் என்பது ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிற வாய். ஒவ்வொரு கண்ணுக்கு மேலேயும் அரைவட்டமாகக் கல்வளைவு. என் வீடு கைதடியில். தினமும் ஸ்கூட்டியில் அந்தப் பாலத்தைக் கடந்துதான் வேலைக்கு வருகிறேன். எனக்கு அதில் கொள்ளை ஆசை. பதினாறு வருடத்துக்கு முன் அதைக் கறுப்பு மையில் மூன்றடி நீளத்துக்குக் கீறி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சேரின் கதிரைக்கு மேலே மாட்டினேன். கவராயம் வைத்துக் கீறிய பதினொரு வளைவும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். சேர் இந்தப் பதினாறு வருடத்தில் அதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வசனம். "தயாளினி, சட்டம் கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு, நேராக்கிவிடும்."

அப்படிப்பட்ட மனுஷன் போன புரட்டாதி மாதம் ஒரு நாள் காலை, தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல ஏந்திக்கொண்டு கந்தோருக்குள் வந்தார்.

"இதைப் பாரும் தயாளினி! பாலத்தடியிலை இறால் கொம்பனி கிடக்கெல்லே, அதிலை வேலை செய்யிற ஒரு பொம்பிளை கீறினது. நேற்றுப் பின்னேரம் பஸ்ஸுக்கு நிண்ட நேரம் கீறிக்கொண்டிருந்தவ. காரை நிப்பாட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தனான். என்ன கை இது! என்ன கை!"

எனக்குச் சட்டம் சரிந்து கிடக்கு. அவளுக்கு என்ன கை இது. வயிறு பற்றி எரிந்தது.

கொப்பியைத் திறந்தேன். கோடு போட்ட தாளில் வெறும் நீலப் பேனை. ஒரு பக்கம் முழுவதும் பாலத்தின் கைபிடிச் சுவர். சண்டைக் காலத்தில் துப்பாக்கிச் சன்னம் கொத்திய குழி ஒவ்வொன்றும் இருந்தது, ஒரு குழிக்குள் சிலந்தி வலைகூட இருந்தது. அடுத்த பக்கம் தூணின் மூக்கு. ஓட்டத்தைப் பிரிப்பதற்காகத் தூணின் முன்பக்கத்தைக் கூராகக் கட்டியிருப்பார்கள், அதைத்தான் மூக்கு என்பது. அதில் தண்ணீர் ஏறும் மட்டம்வரை சிப்பி ஒட்டியிருந்தது. பிறகு மழைநீர் வடிகிற பீலிகள். பிறகு வளைவின் அடிவயிறு, கடலில் வெட்டிய முருகைக்கல்லின் ஒவ்வொரு துளையோடும். பின்பக்கத்தில் நாலு தாளைச் சேர்த்து ஒட்டி, முழுப் பாலத்தையும் நீளமாகக் கீறியிருந்தாள். மூன்றாவது வளைவு கொஞ்சம் குந்தியிருந்தது. ஆறாவதில் சீமெந்து பூசிய தழும்பு. எட்டாவதன் தோளில் ஒரு ஆலங்கன்று. நான் ஒரு வளைவைக் கீறி அதையே பதினொரு தரம் படியெடுத்தவள். இவளுடைய பாலத்திலோ ஒரு வளைவைப்போல இன்னொன்று இல்லை.

"பரவாயில்லை, நல்லாய்த்தான் கிடக்கு" என்றேன். அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சேருக்கு அப்போது ஒரு புது வேலை வந்திருந்தது. குடாநாட்டிலுள்ள பழைய பாலங்கள், மதகுகள், மடங்கள், கேணிகளை எல்லாம் அளந்து, கையால் கீறி, ஒரு புத்தகமாக்க வேண்டும். இரண்டு வருட வேலை. அது எனக்குத்தான் வரும் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். "நீர் போனால் கந்தோரை ஆர் பாக்கிறது?" என்று சொல்லிவிட்டுச் சேர் வெளியே ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"இந்தப் படத்தை ஒருக்கால் சரிபிழை பாரும்" என்றார். "பிழை இல்லையெண்டால் இவவையே எடுப்பம். பாவம், நாள் முழுக்க ஐஸுக்குள்ளை கையை வைச்சு இறால் உரிக்கிறா. இது கிடைச்சால் அந்தச் சீவியத்திலையிருந்து தப்பியிடுவா."

பிழை பிடிக்கச் சொன்னால் எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? வேண்டாப் பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். பின்னேரம் முழுவதும் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைக் கிண்டினேன். உயரம் சரி. அகலம் சரி. சுவரின் சாய்வும் சரி. அடிமட்டம் இல்லாமல், பஸ் தரிப்பில் நின்றுகொண்டு, இது எப்படி ஐயா சரிவரும்? பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியில் கண்களை எண்ணினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

திரும்ப எண்ணினேன். பன்னிரண்டேதான்!

ஐயோ, எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல. நல்லூர்த் தேரன்று முன்னுக்கு நின்று கும்பிட்ட நேரம்கூட என் மனம் அப்படி நிறைந்ததில்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு சேரின் மேசைக்கு ஓடினேன்.

"சேர், பதினொருகண் பாலத்துக்குப் பன்னிரண்டு கண் கீறி வைச்சிருக்கிறா. கண்ணை எண்ணத் தெரியாத ஆளை நம்பி எப்பிடி அளவுப்படம் கீறுறது?"

சேர் விரல் வைத்து எண்ணினார். முகம் வாடிப்போனது. "ஓமெல்லே... எத்தினை கண் எண்டு பேரிலையே கிடக்கு" என்றார். "புதன்கிழமை அவவை வரச் சொல்லிப்போட்டன். அண்டைக்கு நான் கொழும்பிலை நிப்பன். நீரே பக்குவமாய்ச் சொல்லிவிடும்."

புதன்கிழமை செல்வநாயகி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். நாற்பத்திரண்டு வயது. கத்தரிப்பூ நிறச் சீலையின் மடிப்புக் குலைந்துவிடும் என்று பயந்தவளாகக் கதிரை நுனியில் இருந்தாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. நுனியெல்லாம் இறால் கொம்பு குத்திய புள்ளிகள். அவளுடைய பேனையில் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று சுற்றியிருந்தது.

"ஐஸிலை விரல் மரத்துப்போகும் மிஸ், மெல்லிய பேனை பிடிபடாது" என்றாள்.

உடனே சொல்லி அனுப்பாமல் அவளைக் கதைக்க விட்டேன். கையில் கிடைத்த எலியைப் பூனை உடனே தின்பதில்லைத்தானே. பிறந்தது பருத்தித்துறைக் கடற்கரை. தகப்பனிடம் ஒரு வள்ளம் இருந்தது. இடம்பெயர்ந்து திரிந்ததில் நாலு பள்ளிக்கூடம் மாறினாள். சாதாரண தரச் சோதனையில் சித்திரத்துக்கு மட்டும் ஏ, மற்றப் பாடங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று தானே சிரித்தாள். கலியாணம் கட்டிப் பட்டணத்துக் கரைக்கு வந்தாள். புருஷன் மேசன். கட்டடச் சாரத்தால் விழுந்து இடுப்பு நாரி முறிந்ததிலிருந்து வீட்டோடு கிடக்கிறார். இரண்டும் பெண் பிள்ளைகள். எட்டு வருடமாக இறால் கொம்பனி. நாலரைக்கு வேலை முடிந்தால் பஸ் ஐந்தேகாலுக்கு, நடுவில் கிடைக்கும் முக்கால் மணித்தியாலமும் பாலத்துக்கு. மத்தியானம் சாப்பிட்ட பிறகு கிடைக்கும் கால் மணித்தியாலமும் அதற்குத்தான்.

"ஏன் பாலத்தையே கீறுறீர்?"

"அது அசையாது மிஸ். பிள்ளையளைக் கீறினால் எழும்பி ஓடியிடுவினம். அவரைக் கீறினால், படத்தைப் பாத்திட்டுத் தான் மெலிஞ்சுபோனன் எண்டு கவலைப்படுவார். பாலம் ஒண்டும் சொல்லாது."

எனக்கு ஏன் இப்படியொரு பதில் வாயில் வருவதில்லை? அதற்கும் சேர்த்து எரிச்சல் பட்டேன்.

"படம் வடிவுதான்" என்றேன். "ஆனால் பதினொருகண் பாலத்துக்குப் பன்னிரண்டு கண் கீறியிருக்கிறீர். இது அளவுப்படம் கீறுற வேலை, எண்ணிக்கை பிழைச்சால் சரிவராது. சேர் வேறை ஆளைப் பாக்கிறார். வாற கிழமை சனிக்கிழமை முடிவு சொல்லுவார்."

"பன்னிரண்டுதானே மிஸ்?"

"பேரே பதினொருகண் பாலம்!"

"பேர் அப்பிடித்தான். ஆனால்..."

"இஞ்சை பாரும், நான் இந்த வேலையிலை இருபத்திரண்டு வருசம். எண்ணிப்போட்டுத்தான் கதைக்கிறன்."

பச்சைப் பொய். என் வாழ்நாளில் நான் அந்தப் பாலத்துக் கண்களை எண்ணியதில்லை. பதினொன்று என்று ஊரே சொல்கிறது, பிறகு ஏன் எண்ண வேண்டும்? அவள் நிமிர்ந்து, சேரின் கதிரைக்கு மேலே தொங்கிய என் படத்தைப் பார்த்தாள். உதடு அசைய ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"நீங்கள் கீறினதோ மிஸ்? சோக்காய்க் கிடக்கு" என்றாள். பிறகு கொப்பியைப் பைக்குள் வைத்தாள். "அப்ப எனக்குத்தான் பிழைச்சுப்போச்சு போலை. வாறன் மிஸ்."

பனையால் விழுந்தவனை மாடு ஏறி மிதித்ததாம் என்பார்கள். இங்கே அந்த மாடு நான்தான். ஆனால் அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளேன்ரீ ஊற்றிக் குடித்தேன். நன்றாக இனித்தது.

கொழும்பிலிருந்து வந்து சேர் மனம் மாறினால்? அந்தப் பயம் மட்டும் விடவில்லை. காட்டுவதற்குக் கையில் ஒரு போட்டோ இருக்கட்டும் என்று அடுத்த நாள் வேலைக்கு வரும்போது பாலத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். கரையோரமாகக் கீழே இறங்கினேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. என் படத்தை நான் பஸ் தரிப்பில் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் கீறினேன், அது வேறு கதை. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். பதினொன்று! கைதட்டாத குறை.

முழங்கால் தண்ணீரில் வீச்சுவலையோடு நின்ற ஒரு வயதான ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் யாகோப்பு என்று பிறகு அறிந்தேன்.

"என்ன பிள்ளை, கண்ணை எண்ணுறியளோ? எத்தினை வந்தது?"

"பதினொண்டு ஐயா."

"அப்ப சரியாய்ப் பிழைச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். "இஞ்சாலை வாங்கோ."

பட்டணத்துப் பக்கக் கரையில் அடர்ந்து நின்ற கண்டல் பற்றையை வலைக் கம்பால் விலக்கிக் காட்டினார். அதற்குப் பின்னால், பாதி மண்ணுக்குள் புதைந்து, தண்ணீரில்லாமல், ஒரு வளைவு. அதே கல், அதே அரைவட்டம்.

"இதோடை பன்னிரண்டு. மாரி பெய்தால்தான் இதாலை தண்ணி ஓடும்" என்றார்.

"அப்ப ஏன் பதினொருகண் எண்டு சொல்லுறவை?"

"பின்னை? உள்ளதை உள்ளபடி எண்ணிச் சொன்னால் நாவூறு படாதோ? நாங்கள் ஒன்பது பிள்ளையள். ஆரும் கேட்டால் என்ரை அம்மா எட்டு எண்டுதான் சொல்லுவா. பாலத்துக்கும் அப்பிடித்தான். பொல்லாத கண்ணுள்ளதுகள் எண்ணிப் பாத்துக் கண் வைச்சிடுங்கள் எண்டு, ஒண்டைச் சொல்லாமல் விட்டுத்தான் பேர் வைச்சவை. கீழை தொழில் செய்யிற எல்லாருக்கும் இது தெரியும். மேலாலை வாகனத்திலை போறாக்களுக்குத்தான் தெரியாது."

குனிந்து உள்ளே பார்த்தேன். மணல் கூட்டித் துப்புரவாக இருந்தது. இருப்பதற்கு மட்டைப்பெட்டிகளை விரித்து வைத்திருந்தார்கள். கொம்பனிப் பெண்கள் மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்கிச் சாப்பிடும் இடம் அதுதான் என்றார் யாகோப்பு. தலைக்கு மேலே வளைவின் அடிவயிறு, கொப்பியில் கண்டபடியே கல்லுக்குக் கல், துளைக்குத் துளை இருந்தது. அவள் இங்கே இருந்து அண்ணாந்து பார்த்துத்தான் கீறியிருக்கிறாள். பொல்லாத கண் என்று அந்த மனுஷன் என்னை நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுட்டது.

சரி, சுட்டதே, உடனே போய்ச் சேரிடம் சொன்னேனா? இல்லை. "அவவுக்குச் சொன்னனீரோ?" என்று திங்கட்கிழமை கேட்டார். "ஓம் சேர்" என்றேன். "பாவம்" என்றார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கம்பசிலிருந்து புதிதாக வெளியே வந்த தனோஜன் என்ற பொடியனை எடுக்க யோசித்திருப்பதாகச் சேர் சொன்னார். நல்ல பொடியன்தான், கோடெல்லாம் சுத்தம், உயிர் மட்டும் இல்லை. என்னுடையதைப்போல. எனக்கு அவன் கீறியதைப் பார்க்க ஒரு எரிச்சலும் வரவில்லை. அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கிழமைக்கு மேலாக, நாலரை மணிக்குப் பிறகு அந்தப் பாலத்தைக் கடக்க நேர்ந்தால், பக்கவாட்டில் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டு ஓடினேன்.

முடிவு சொல்லும் சனிக்கிழமைக்கு முதல் நாள், பாலத்தின் நடுவில், கையைத் தூக்கிக்கொண்டு என் ஸ்கூட்டிக்கு முன்னாலேயே வந்து நின்றாள்.

"மிஸ்! மிஸ்! ஒரு நிமிசம்!"

உண்மையைக் கண்டுபிடித்துவிட்டாள், றோட்டில் வைத்து என்னைக் கிழிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். நான் திருப்பிச் சொல்ல வேண்டியதையும் ஆயத்தப்படுத்திக்கொண்டேன். அவள் பைக்குள்ளிருந்து ஒரு சுருளை எடுத்துக் கைபிடிச் சுவரில் விரித்தாள். காற்றில் பறக்காமல் இரண்டு முழங்கையையும் மேலே ஊன்றிக்கொண்டாள்.

"திருத்திப்போட்டன் மிஸ். இப்ப சரியோ எண்டு பாருங்கோ."

புதிதாக வாங்கிய பெரிய டிமைத் தாள்கள், அதே நீலப் பேனை. குந்திய மூன்றாவது வளைவு, ஆறாவதன் தழும்பு, ஆலங்கன்று எல்லாம் இருந்தன. பதினொரு கண். பட்டணத்துக் கரையில் பன்னிரண்டாவது இருந்த இடத்தில், ஒரு வாயில்லாத வெறுஞ்சுவரைக் கல் கல்லாகக் கீறி அடைத்திருந்தாள்.

"அங்கை ஒண்டு கிடக்கிறமாதிரித்தான் மிஸ் எனக்குத் தெரியுது" என்றாள். "அதுக்குள்ளை இருந்துதான் சோறு தின்னுறனாங்கள். ஆனால் நீங்கள் படிச்சனீங்கள், எண்ணிப்போட்டுச் சொன்னனீங்கள். இது கண் இல்லை, இது கண் இல்லை எண்டு எனக்குள்ளை சொல்லிச் சொல்லிக் கீறினனான். நாளைக்குத்தானே சேர் முடிவு சொல்லுறார், இதை ஒருக்கால் காட்டுவியளோ?"

எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? பொய்யான சுவர்கூட என்னுடையதைவிட நன்றாக இருக்கிறதே என்பதுதான். அதற்குப் பிறகுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது. தினமும் தான் குந்தியிருந்து சோறு தின்னும் இடத்தை இல்லையென்று நம்பும் அளவுக்கு இவளை ஆக்கிவிட்டேனே. இனி அவள் தன் கண்ணை எப்படி நம்புவாள்? எதைக் கண்டாலும் யாராவது படித்த ஆள் வந்து சரியென்று சொல்லும்வரை பேனையைத் தூக்க மாட்டாள்.

"விசரி! கண்ணாலை கண்டதை ஏனடி அழிச்சனி?" என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டுப் போனாள். பாவம், அதற்கும் என்னிடம்தான் ஏச்சு வாங்கினாள்.

அங்கேயே நின்று சேருக்குப் போன் எடுத்தேன். லொறிகள் போகிற சத்தத்தில் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"சேர், அந்தப் பாலத்துக்குப் பன்னிரண்டு கண். செல்வநாயகி கீறினதுதான் சரி. நான் எண்ணாமலே பிழை எண்டு சொன்னனான்."

"எப்ப தெரியும் உமக்கு?"

"போன கிழமை வியாழக்கிழமையே தெரியும் சேர். தெரிஞ்சும் சொல்லேல்லை."

நான் வேலையை விட்டுப் போக வேண்டிவருமோ என்று நினைத்தேன்.

"திங்கக்கிழமை எட்டரைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். "பழைய படத்தோடை. வேலை அவவுக்குத்தான். உம்மோடை நான் பிறகு கதைக்கிறன்."

போனை வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன். கனநேரம் அந்த வெளுத்த விரல்களையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் மிஸ் பிழை எண்டு சொன்னனீங்கள்?"

"பொறாமை. வேறென்ன? உம்மைப்போலை எனக்குக் கீற வராது."

"என்னிலையோ?"

"ஓம்."

"இறால் உரிக்கிற என்னிலையோ?"

"ஓம் எண்டு சொல்லுறனெல்லே!"

ஏசுவாள், அழுவாள், படத்தை என் முகத்தில் விட்டெறிவாள் என்று நின்றேன். அவள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது. கண்ணால் தண்ணீரும் ஓடியது.

"ஐயோ மிஸ், இந்த நாற்பத்திரண்டு வருசத்திலை என்னைப் பாத்து ஒருத்தரும் பொறாமைப்பட்டதில்லை. பாவம், பாவம் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். இதை முதல்லை வீட்டை போய் அவருக்குச் சொல்லவேணும்!"

ஐந்தேகால் பஸ் வந்தது. படத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடி ஏறினாள். யன்னலால் தலையை நீட்டிக் கையசைத்தாள். முகமெல்லாம் பல். வேலை கிடைத்ததற்கா, நான் எரிந்ததற்கா அந்தச் சிரிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான் அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தேன். இந்த நாற்பத்தெட்டு வயதில் என்னைப் பார்த்து யாராவது பொறாமைப்பட்டிருக்கிறார்களா? ஒரு ஆள்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அதிலும் அவளே முந்திவிட்டாள்.